நாற்பது எலியா, ஆறு எலியா?

"ஐயோ... டைரக்டர் செத்துட்டாரு!"

செக்ரட்டரியின் அலறலில் ஆய்வுக்கூடமே அதிர்ந்தது.

டைரக்டர் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். வாய் பிளந்திருந்தது.

எலி ஆராய்ச்சி செய்பவள் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். காபியில் தூக்கம் வரவழைக்கும் வலிப்பு மருந்தைக் கலந்தவள் அவள்தான்! ஆனால் கொல்வதற்கா? சாயங்காலம் தாண்டும் வரை அவர் தூங்கினால் போதும் என்றுதானே!

எல்லாம் புருஷனால் வந்த வினை.

எத்தனை மில்லிகிராம் கொடுத்தால் பாதி எலிகளுக்கு வலிப்பு நிற்கும்? அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த ஆய்வுக்கூடத்தில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வேலை. அவனுக்கு நாற்பது எலி வேண்டும். கூட்டம் கூட்டமாகப் பிரித்து, கோடு கிழித்துக் கணக்குப் போடுவான். அவளோ ஒவ்வொன்றாக எடுப்பாள். வலிப்பு வந்தால் அடுத்த எலிக்கு டோஸை ஏற்றுவாள், நின்றால் இறக்குவாள். ஆறே எலியில் வேலை முடிந்துவிடும்!

"ஒரு கணக்குமுறை போதும், ஒரு ஆள் போதும். சாயங்காலம் சொல்றேன்" என்றிருந்தார் டைரக்டர். மற்றவர் வீட்டுக்கு! அவர் தூங்கிவிட்டால் இன்றைக்கு அந்த முடிவு தள்ளிப்போகும்.

"டாக்டர் வர்ற வரைக்கும் பாடியை யாரும் தொடக்கூடாது!" கான்ஸ்டபிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார் இன்ஸ்பெக்டர்.

ஒரு மணி நேரம் எல்லாரையும் குடைந்தார். பிறகு கொட்டாவி விட்டபடி கேட்டார்.

"கடைசியா இவருக்கு என்ன குடுத்தீங்க?"

புருஷன் பொலபொலவென்று அழுதான்.

"நான்தான் சார்! காபியில மருந்து... என் கணக்குப்படி போட்ட டோஸ்!"

அடப்பாவி, இவனுமா!

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். மனசு கேட்கவில்லை.

"பொய் சார்! இவர் டோஸுக்கு ஒரு கொசுகூடத் தூங்காது! கொன்னது என் டோஸ்!"

"ஆறு எலிய வெச்சா? அது கணக்கா, சூதாட்டம்டி!"

"தூக்குல போட்டாலும் சரி சார்... என் பேரை எழுதுங்க!"

"என்னய்யா சத்தம்?"

பிணம் எழுந்து உட்கார்ந்தது!

"மத்தியானம் நான் ஒரு தூக்கம் போடுவேன்னு தெரியாதா?"

"சார்... அப்ப காபி?"

"எனக்கு அல்சர். காபியத் தொட்டே ஒரு வருஷமாச்சு."

மேஜைமேல் இரண்டு கப்... இரண்டும் காலி!

"வந்ததும்... தொண்டை காஞ்சுதேன்னு... நான்தான்..."

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து சரிந்தார். கர்ர்ர்...

"என்னங்க! வேலை செஞ்சிருக்கு!"

"ஒருத்தரை வெச்சு எதையும் சொல்ல முடியாதுடி. இன்னும் முப்பத்தொன்பது போலீஸ் வேணும்!"

"எனக்கு அஞ்சே பேர் போதும். இவர் தூங்கிட்டாரு, அடுத்தவருக்கு டோஸைக் கொஞ்சம் இறக்கணும்..."

அவள் வாசல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"கான்ஸ்டபிள் அண்ணே, காபி சாப்பிடறீங்களா?"