ஸ்கூட்டர் விலையில் ஒரு ஒயர்

“ஒரு ஒயருக்கு ஸ்கூட்டர் விலையா? அட கடவுளே... இதை வாங்கறவனுக்குக் காது இருக்கோ இல்லையோ, மூளை கிடையாது!”

2003 ஜூலை. பாலிகஞ்சில் ஒரு ஸ்டீரியோ கடை. மழைக்கு ஒதுங்கிய சுபிக்ஷா, கல்கத்தாவில் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில்தான் வாய்விட்டுச் சொன்னாள். அந்த ஸ்பீக்கர் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தவன் சட்டென்று திரும்பினான்.

“மூளை இருக்குங்க. துறைமுகத்துல இன்ஜினீயர். பேரு ஜெயந்த்.”

ஐயோ... அந்தக் கண்கள்! கோபப்பட வேண்டிய நேரத்தில் சிரிக்கிற கண்கள்.

அவள் சொன்னதை ஜெயந்த் வங்காளியில் சொன்னதும் கடைக்காரர் மித்ரா தாதாவுக்கு (அந்த ஊரில் அண்ணன்தான் தாதா) உற்சாகம் பிறந்துவிட்டது. ஜெயந்த் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும், ஒயரை இவளே மாற்றட்டும், வித்தியாசம் தெரிகிறதா பார்ப்போம் என்றார். முதலில் பழைய ஒயரில் ஒரு வயலின் ஒலித்தது; சுபிக்ஷா வாசலிலேயே நின்றாள். பிறகு சுபிக்ஷா ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்து எழுந்து, நனைந்த துப்பட்டாவோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மீண்டும் அதே வயலின்.

“அப்பா... என்ன ஒரு வித்தியாசம்! வில்லு தந்தியில உரசறதுகூடக் கேக்குது!”

“நான் ஒயரை மாத்தவே இல்லையே!”

பழைய ஒயர் அப்படியே இருப்பதைப் பார்த்து மித்ரா தாதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜெயந்தின் முகம் சிவந்தது. கொட்டுகிற மழையில் இறங்கிப் போய்விட்டான்.

ஜெயித்துவிட்டாள்... ஆனால் வீட்டில் சோறு இறங்கவில்லை. அவனுக்குப் பிடித்ததை அவன் வாங்குகிறான், உனக்கென்னடி வந்தது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆபீஸ் விட்டு வரும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிக் கதவை எட்டிப் பார்த்தாள். சோபா காலி. மித்ரா தாதாவிடம் அவன் விலாசம் கேட்க வாய்வரை வந்தது, ரோஷம் விடவில்லை. இனி அவனைப் பார்க்கவே முடியாதோ?

ஒரு ஞாயிறு காலை, லேக் மார்க்கெட்டில் சுந்தரத்தின் காப்பிப் பொடிக் கடை.

“அண்ணே, கால் கிலோ. பீபரி முக்கால் பங்கு, பிளாண்டேஷன் கால் பங்கு. சிக்கரி ஒரு சிட்டிகைகூடக் கூடாது. என் கண்ணு முன்னாடி அரைங்க.”

“ஒரு காப்பிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? கண்ணைக் கட்டிட்டுக் குடிச்சா வித்தியாசம் தெரியுமாக்கும்?”

அந்தக் குரல்! திரும்பினாள். அதே கண்கள்... இன்று சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன.

“தெரியாமலும் போகலாம்,” என்றாள் மெல்ல. “ஆனா எனக்குப் பிடிச்சிருக்கு. அன்னிக்கு இது எனக்கு உறைக்கலை. சாரிங்க.”

“அந்த ஒயரை நான் வாங்கலை.”

“என்னாலயா?”

“ஆமா. ஆனா வித்தியாசம் கேட்டது நிஜம். ரொம்ப யோசிச்சேன். ஒயர் மாறலை, பாட்டு மாறலை. மொதல்ல நீங்க வாசல்ல நின்னீங்க. அப்புறம் என் பக்கத்துல உக்காந்தீங்க... அவ்வளவுதான்.”

சுபிக்ஷாவுக்குக் காது மடல் சுட்டது.

“உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு... பேருகூடத் தெரியாம.”

“சுபிக்ஷா,” என்றாள். பிறகு அவனைப் பார்க்காமலே கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே... கால் கிலோ பத்தாது. அரைக் கிலோவா அரைச்சிடுங்க.”