அப்பா இடுப்பில் ஒரு பெட்டி

அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். மயிலாளுக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்குப் போனாள், வந்தாள், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தரை.

அப்பா மருதாசலம் பக்கத்துத் தெருவில் பனியன் துணி பின்னும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒரு மாதமாக, நூல் மூட்டையைத் தூக்கினால் அவருக்குத் தலை சுற்றியது. இரண்டு முறை விழுந்தேவிட்டார்.

அதனால் நேற்று மாலை ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சில் ஐந்து பிளாஸ்திரிகளை ஒட்டி, வயர் மாட்டி, இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டியிருந்தார்கள். உள்ளே கேசட் ஓடிக்கொண்டே இருக்கும். இதயம் துடிப்பதெல்லாம் அதில் பதியும். ஆஸ்பத்திரிக்கே அது ஒன்றுதான். இன்று ஐந்து மணிக்குத் திருப்பித் தர வேண்டும். இன்று சரியாகப் பதியாவிட்டால், அடுத்த முறைக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

அப்பா என்ன செய்கிறார் என்று நேரத்தோடு எழுதுவது மயிலாளின் வேலை.

'8.10 – உட்கார்ந்திருந்தார். 9.00 – உட்கார்ந்திருந்தார். 9.40 – கொட்டாவி விட்டார்.'

"ஏனுங்கப்பா, டாக்டரம்மா எப்பவும்போல வேலை செய்யச் சொன்னாங்கல்ல?"

"வேர்த்தா பிளாஸ்திரி உட்டுப்போயிரும் கண்ணு. அப்பறம் ஒண்ணுமே பதியாது."

"உக்காந்தே இருந்தா தலை சுத்தாதுங்களே. பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

அப்பா கழுத்தைத் துடைத்தார். சித்திரை வெயில். ஒரு பிளாஸ்திரியின் ஓரம் ஏற்கெனவே எழும்பியிருந்தது. இன்றைக்கு ஒன்றும் பதியாமல் போய், அப்பா அடுத்த முறை மெஷின் மேலேயே விழுந்துவிட்டால்?

ஒரு துண்டை எடுத்து அப்பாவின் நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"மூச்சு முட்டுது கண்ணு!"

அவிழ்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு கம்பெனிக்கு ஓடினாள்.

மெஷின் ஓட்டும் சுடலை மாமா திருநெல்வேலிக்காரர். "வேஸ்ட் மூட்டையில என்னட்டி தேடுத?" என்றார்.

"ரிப் துணிங்க மாமா. குழாயா, வெட்டாம இருக்கோணும். அப்பா நெஞ்சுக்கு!"

பனியன் கழுத்தில் வைக்கிற துணிதான் ரிப். இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். வட்ட மெஷினில் குழாயாகவே இறங்குவதால் தையலும் வேண்டாம். சுடலை மாமா நல்லதாக ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார்.

அப்பா தலைவழியாக அதை மாட்டிக்கொண்டார். பிளாஸ்திரி, வயர் எல்லாம் உள்ளே அடங்கின.

"மூச்சு முட்டுதுங்களா?"

"இல்ல கண்ணு. பனியன் மேல பனியன் போட்டாப்பல இருக்குது."

அப்பா கம்பெனிக்குக் கிளம்பினார். மயிலாள் நோட்டோடு பின்னாலேயே போனாள். வழக்கம்போல மூட்டையைத் தூக்கியவர், நாலு அடி வைப்பதற்குள் தள்ளாடினார். பக்கத்திலேயே நின்ற சுடலை மாமா பிடித்து உட்கார வைத்தார்.

மயிலாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள்: '11.52 – தலை சுற்றல்.'

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா ஒரு நீளக் காகிதத்தை விரித்தார்.

"இங்க பாருங்க, 11.52. இதயம் தாறுமாறா ஓடியிருக்கு. இது தெரியாமத்தான் தவிச்சோம். இதை மாத்திரையிலேயே சரிபண்ணிடலாம்."

மயிலாள் இரண்டு நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள்.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். கொட்டாவியைப் படித்துச் சிரித்தார். பிறகு ரிப் துணியைக் கையில் எடுத்து இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார்.

"வெயில் காலத்துல பாதிப் பேருக்குப் பிளாஸ்திரி கழண்டுதான் வருது. இந்த மாதிரி இன்னும் பத்துக் கிடைக்குமா மயிலாள்?"

மயிலாள் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"என்ன கலருங்க வேணும்?"