பதினோரு தப்புக் கோடுகள்

காற்று எங்கள் வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது அம்மா மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். கூரை போய்விட்டது. பானை மட்டும் அடுப்பைவிட்டு அசையவில்லை! அந்தப் பாழாய்ப்போன கிழங்கைக் காற்றுக்குக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

என் பெயர் பஞ்சாலை. அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் ரப்பர் தோட்டம் ரஹாங் ஊரிலிருந்து ஐந்து மைல் உள்ளே இருந்தது. ஜப்பான்காரர்கள் ஆண்ட காலம் அது. அரிசி கிடையாது, துணி கிடையாது. காலையில் கிழங்கு, மதியம் கிழங்கு, ராத்திரிக்கு மீதிக் கிழங்கு. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்பா இல்லாததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் அப்பா மாயாண்டி பால் மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையை உளியால் கீறிப் பால் எடுக்கிறவர். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரர்கள் லாரி கொண்டு வந்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து ஒன்பது பேரை ஏற்றிப் போனார்கள். மூன்றே மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று சொன்னார்கள்.

அப்பா லாரியிலிருந்து குனிந்து என் தலையைத் தொட்டார். "பஞ்சு, அம்மாவ விட்டுட்டு எங்கயும் போயிடாத. இங்கயே இரு. வந்துருவேன்" என்றார்.

மூன்று மாதம் போனது. ஒரு வருடமும் போனது. நான் அங்கேயேதான் இருந்தேன். காற்றுதான் என்னை இருக்கவிடவில்லை.

அன்று மத்தியானம் மேற்கே, சி ரூசா கடற்கரைப் பக்கம், வானம் கன்னங்கரேலென்று இருண்டது. ஒரு இலைகூட ஆடவில்லை. பக்கத்து வீட்டு நீலாவதி ஓடி வந்தாள். "பஞ்சு, ஆடெல்லாம் ஏன்லா இப்படிக் கத்துது?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது.

அப்படியொரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. படார், படார் என்று ரப்பர் மரங்கள் நடுவில் முறிந்தன. அம்மா எங்கள் இருவரையும் இழுத்துப் பலகைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, தானும் நுழைந்துகொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா! அப்பா!" என்று கத்தினேன். சயாம் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் கத்தினேன்.

கால் மணி நேரம்தான். காற்று நின்றபோது எங்கள் வீட்டுக்குள் நின்று ஆகாயத்தைப் பார்க்க முடிந்தது. இருபது வீடுகளில் நான்கு வீடுகளுக்குத்தான் கூரை இருந்தது. நல்லவேளை, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் செவலைக் கோழியை மட்டும் காணவில்லை. மறுநாள் விடியும்போது அது ஒரு மரத்திலிருந்து இறங்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து சேர்ந்தது.

சாயங்காலம் மண்டோர் சன்னாசி வந்தார். வேலைக்காரர்களை மேய்க்கிறவர், அவர் பேசினாலே அதட்டுகிற மாதிரி இருக்கும். "இந்த லயம் இனிமே ஆகாது. நாளைக்குக் காலையில எல்லாரும் சட்டி பானைய எடுத்துக்கிட்டு மேட்டு லயத்துக்குப் போயிருங்க!" என்றார்.

மேட்டு லயம் மூன்று மைல் தள்ளி, தோட்டத்தின் அந்தக் கோடியில் இருந்தது. நான் வாசல் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் வரல. அப்பா இங்கதான் வருவாரு."

"கூரை இல்லாத வீட்டுல என்னடி பண்ணுவ? அடம்பிடிக்காத" என்றாள் அம்மா.

"நனைஞ்சுக்கிறேன்!"

அம்மா ஓங்கிய கையை இறக்கிவிட்டாள். "எனக்கு மட்டும் இந்த வீட்ட விட்டுப் போக ஆசையாடி?" என்றாள். நான் தூணை விட்டேன்.

சாமான் தூக்கிக்கொண்டு நடக்கும்போது நீலாவதி ஒரு கதை சொன்னாள். அவள் அப்பா வீரமுத்துவும் சயாமுக்குப் போனவர்தான். "செனாவாங் பக்கம் ஒரு தோட்டத்துல முனியாண்டின்னு ஒருத்தரு, சயாமிலேர்ந்து தப்பிச்சு வந்தாராம். வந்து பார்த்தா லயம் காலி. கேக்க ஒரு ஆள் இல்ல. அழுதுகிட்டே எங்கயோ போயிட்டாராம்."

"எங்க போனாரு?"

"அது தெரிஞ்சா அவர் பொண்டாட்டி தேடிப் போகமாட்டாளா?"

திரும்பிப் பார்த்தேன். போகும் வழியில் எத்தனை பிரிவுகள்! எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி ரப்பர் மரங்கள். பாதி வழியில் மரங்கள் விழுந்து வண்டிப் பாதையே மறைந்துவிட்டது. அப்பா வந்தால் எங்களை எப்படிக் கண்டுபிடிப்பார்?

மறுநாளே பழைய வீட்டுக்கு ஓடினேன். சுவரில் கரியால், 'அப்பா, நாங்கள் மேட்டு லயத்தில் இருக்கிறோம்' என்று பெரிதாக எழுதினேன்.

அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியுமாடி? சம்பளத்துக்கே பெருவிரல் ரேகைதான வைப்பாரு."

ஐயோ! அது எனக்கு மறந்தே போய்விட்டது.

அடுத்து, அம்மாவின் கிழிந்த சிவப்புச் சேலையைத் துண்டு துண்டாக்கி வழிநெடுக மரங்களில் கட்டினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஒரு துண்டுகூட இல்லை. கோணியை உடுத்திக்கொண்டு திரிந்த காலம். மரத்துக்கு யார் துணி உடுத்தி விடுவார்கள்? மறுநாள் எங்கள் லயத்துக் குழந்தை ஒன்று சிவப்புக் கோவணத்தோடு தவழ்ந்து வந்தது. அதனிடம் போய் என்ன கேட்பது?

மேட்டு லயத்திலும் கூரை ஒழுகியது. அம்மா கோணிகளைச் சேர்த்துத் தைத்தாள். அதன்மேல் ரப்பர் பாலைத் தடவிக் காயவைத்தால் தண்ணீர் இறங்காது. "பஞ்சு, அப்பாவோட உளிய எடுத்துக்கிட்டுப் போய் கொஞ்சம் பால் கொண்டா" என்றாள்.

வழி பிரிகிற இடத்தில் நின்ற ஒரு மரத்தை வெட்டினேன். அப்பா வெட்டினால் பட்டை சுருள் சுருளாக விழும். நான் வெட்டியபோது துணுக்குத் துணுக்காகத் தெறித்தது. எப்படியோ ஒரு மங்குக் கிண்ணம் நிறையப் பால் பிடித்துவிட்டேன்.

அப்போது தூரத்தில் மண்டோர் வருவது தெரிந்தது. சட்டென்று புதருக்குள் உட்கார்ந்துகொண்டேன். அவர் சுருட்டைப் புகைத்துக்கொண்டு, எந்த மரத்தையும் பார்க்காமல் நடந்து வந்தார். நான் வெட்டிய மரத்துக்கு நேரே வந்ததும், யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி நின்றுவிட்டார்.

"எவன்டா அது? எந்த மடையன்டா மரத்த மாத்தி வெட்டினது!"

பால் மரத்தில் கோடு எப்போதும் இடது பக்கம் மேலே தொடங்கி, வலது பக்கம் கீழே சரியும். எங்கள் தோட்டத்தில் எல்லா மரத்திலும் அப்படித்தான். நான் அதை மாற்றி, இடது பக்கம் சரிகிற மாதிரி வெட்டியிருந்தேன்.

புதருக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்று தோன்றியது. ஆயிரம் மரத்துக்கு நடுவே இந்த ஒரு மரம் அவர் கண்ணில் எப்படிப் பட்டது? அப்படியானால் அப்பா கண்ணிலும் படுமே!

"நான்தான் மண்டோரய்யா!" என்று கத்திக்கொண்டே வெளியே குதித்தேன். அவர் பயந்து சுருட்டைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏ புள்ள! தப்பா வெட்டிட்டு இந்தக் குதி குதிக்கிற?"

"தப்பா வெட்டினாத்தான் எங்கப்பா பாப்பாரு! வழி பிரியற இடத்துல எல்லாம் ஒரு மரத்த இப்படி வெட்டி வெச்சா, அதையே பிடிச்சுக்கிட்டு வந்துருவாருல்ல?"

மண்டோர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். கீழே விழுந்த சுருட்டைக்கூட எடுக்கவில்லை. "ஜப்பான்காரன் பார்த்தா என் கன்னந்தான் பழுக்கும்" என்றார். பிறகு அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, "என் தம்பியும் அந்த லாரியிலதான் போனான்" என்றார்.

"அப்போ வெட்டலாமா?"

"நான் எதையும் பாக்கல. வழியோட வரவங்க பார்த்தாத் தெரியற மாதிரி வெட்டு. உயரமா வெட்டு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

பழைய லயத்திலிருந்து மேட்டு லயம்வரை பதினோரு பிரிவுகள். பதினோரு மரங்கள். நீலாவதி ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொள்வாள், நான் வெட்டுவேன். ஒவ்வொரு பிரிவிலும் போகவேண்டிய பாதையின் முதல் மரத்தில் தப்புக் கோடு.

பட்டை ஆறிப்போனால் கோடு மங்கிவிடும். அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை உளியைத் தூக்கிக்கொண்டு போவோம். பழைய வீட்டுக்கும் போய்க் கொஞ்ச நேரம் வாசலில் உட்காருவேன். அப்பா வந்து நின்றால் முதலில் என்ன சொல்வேன் என்று யோசிப்பேன். கோழி மரம் ஏறியதைச் சொல்வேன். எனக்குப் பல் விழுந்து முளைத்ததைச் சொல்வேன். பிறகு எதுவும் சொல்லவேண்டாம், அவர் வந்தால் போதும் என்று தோன்றும். அழுகை வந்துவிடும். நீலாவதி பார்க்காத மாதிரி புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பாள்.

அடுத்த வருடம் சண்டை முடிந்தது. ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள். மாதங்கள் ஓடின. சயாமிலிருந்து யாரும் வரவில்லை. நான் கோடு வெட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு நாள் காலை வெளியே யாரோ திட்டுகிற சத்தம் கேட்டது. "யார் வேலைய்யா இது? மரத்த எல்லாம் நாசம் பண்ணி வெச்சிருக்கான்!"

ஓடினேன். எலும்பும் தோலுமாக, தாடியோடு ஒருவர் நின்றார். "அப்பா!" என்று போய்க் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அது அப்பா இல்லை. நீலாவதியின் அப்பா, வீரமுத்து மாமா.

பொய் சொல்லமாட்டேன். அந்த நிமிடம் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. வெட்டியவள் நான், வந்தது அவள் அப்பாவா? ஆனால் நீலாவதி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். நான்தான் ஓடிப்போய் உலுக்கினேன். "எந்திரிடி! உங்கப்பா வந்துட்டாரு!"

அவள் அப்பாவின் தாடியைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தபோது என் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. நானும் சேர்ந்து அழுதேன்.

மாமா என்னைப் பக்கத்தில் இழுத்தார். "நீ மாயாண்டி மவதானே? உங்கப்பன் பின்னாலயே வரான்மா. கால்ல புண்ணு. பத்தடி நடந்தா பத்து நிமிஷம் உக்காருவான். பழைய லயத்துல விட்டுட்டு, ஆள் கூட்டியாறேன்னு, தப்பா வெட்டின மரத்தப் பார்த்துப் பார்த்து நான் முன்னால வந்தேன்."

அம்மா செருப்பில்லாமல் ஓடினாள். நான் உளியையும் எடுத்துக்கொண்டு அவளை முந்தி ஓடினேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கை பழகிவிட்டது.

அப்பா பழைய லயத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. நான்காவது மரம்வரை வந்துவிட்டார். ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். ஈர மண்ணைப் பிசைந்து, நான் வெட்டிய கோட்டின்மேல் பூசிக்கொண்டிருந்தார்.

"அப்பா!"

திரும்பினார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண் மட்டும் அப்பாவுடைய கண். கம்பைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். நான் அந்த மண் கைக்குள் போய் விழுந்தேன். அம்மாவும் வந்து சேர்ந்தாள்.

பிறகு அப்பா மெதுவாகச் சொன்னார். "முத மரத்தப் பார்த்ததும் கோவம் வந்துச்சு, எவனோ தெரியாதவன் வெட்டிருக்கான்னு. மூணாவது மரத்துலதான் புரிஞ்சுது, யாரோ நம்மளக் கூப்புடுறாங்கன்னு. நீயாம்மா?"

"நான்தான்."

"மரம் பாவம்ல. காயத்துக்கு மண்ணு பூசுறேன், சீக்கிரம் ஆறிரும்" என்று மறுபடியும் மரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "மூடாதீங்கப்பா! இன்னும் ஏழு பேர் வரணும். மண்டோரய்யா தம்பிகூட இன்னும் வரல."

அப்பா என்னைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பூசிய மண்ணைத் தன் உள்ளங்கையால் வழித்துத் துடைத்துவிட்டு, என் கையிலிருந்த உளியை வாங்கினார். மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டுதான் வெட்டினார். ஆனாலும் பட்டை சுருள் சுருளாக விழுந்தது.

தோட்டத்திலேயே நேர்த்தியாகப் பால் வெட்டுகிற என் அப்பா, அன்று முதல் தடவையாக ஒரு மரத்தை வேண்டுமென்றே தப்பாக வெட்டினார்.