ஏழாவது தூண்

ஏழாவது தூணில் மட்டும் ரசமட்டத்தின் குமிழி நிற்கவில்லை.

மற்ற தூண்களில் இரு கோடுகளுக்கு நடுவே அடங்கி நின்ற குமிழி, இங்கே மெல்ல இடப்புறம் நகர்ந்து, சற்றுத் தயங்கி, மெல்ல வலப்புறம் திரும்பியது. கடற்காற்றாக இருக்கும் என்று ஜெகதீசன் சவுக்கு மரங்களை அண்ணாந்து பார்த்தான். ஓர் ஊசியிலைகூட ஆடவில்லை. புதுப்பட்டினத்து மாலை வெயில் தோட்டத்து மணலில் சாய்ந்து கிடந்தது.

பதினான்கு தூண்கள். பிவிசி குழாய்களுக்குள் கான்கிரீட். மேலே பலகை, பலகைமேல் பொம்மை ரயிலுக்கான தண்டவாளம். தோட்டத்துக் கோடியிலிருந்து அடுப்படி வாசல்வரை, ஐந்து வயது ஹம்சினி நின்றபடி பார்க்கும் உயரத்தில். இந்தத் தோட்டத்துக் கிணற்றில் அவன் மனைவி காயத்ரி தவறி விழுந்து இறந்த நாளிலிருந்து மகள் அவனிடம் பேசவில்லை. கிணற்றை மூடியும் பேசவில்லை. ரயில் ஓடினால் பேசுவாள். அது போதும் அவனுக்கு.

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு அம்சாவின் தலை எழுந்தது.

"இன்னா தம்பி, பாலமே கட்டிட்ட போல. ஆமா, கெணத்த மூட சொல்லோ ஒரு கொயா நட்டாங்களே, எங்க அது?"

"இதான்க்கா. இதையே தூணாக்கிட்டேன்." ஏழாவது குழாயைத் தட்டிக் காட்டினான்.

"உள்ள?"

"காலைல கான்கிரீட் ஊத்திட்டேன்."

"கெணறு மூச்சு வுடத்தான அத்த வுட்டு வச்சாங்க. படிச்ச புள்ள நீ. உன் மூக்குல சிமிட்டிய அடச்சா சும்மா இருப்பியா?"

"பாப்பா அதுல வாய வச்சுப் பேசிகினு இருந்தாக்கா. சிரிச்சுகினு. எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல."

"அதுக்கு? ஒடச்சி எடுத்துரு. இருட்டறதுக்குள்ள."

தலை மறைந்தது.

அவன் மறுபடியும் ரசமட்டத்தைப் பார்த்தான். குமிழி நின்றிருந்தது. சரியாக நடுவில். தன்னையே நொந்துகொண்டு அதை எடுத்து எட்டாவது தூணில் வைத்தான்.

இடப்புறம். தயக்கம். வலப்புறம்.

காத்திருந்தான். நின்றது.

ஒன்பதாவதில் வைத்தான். அங்கே நகர்ந்தது. நின்றது. பத்தாவதில் நகர்ந்தது. தூண்மேல் கை வைத்தான். குழாய் உள்ளங்கையில் லேசாகப் பொங்கியது. தணிந்தது.

பதினொன்று.

பன்னிரண்டு.

அது வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஓடினான்.

அடுப்படி வாசலில், தண்டவாளம் முடியும் இடத்தில், பலகையோடு முகத்தை ஒட்டி ஹம்சினி நின்றிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது.

"பாப்பா."

திரும்பினாள். வாய் திறந்திருந்தது. வட்டமாக. உதடு அசையாமல். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்து அவன் முகத்தில் பட்டது. பாசி நாற்றம். பிறகு உள்ளே இழுத்தது. அவன் சட்டை நுனி அவளை நோக்கிப் பறந்தது.

அவள் வாயை மூடப் போன அவன் கை, காலையில் குழாயை அடைத்த கை, பாதியில் நின்றது.

அவளை வாரி அணைத்தான். அவன் மார்போடு ஒட்டிய சின்ன மார்பு எழவில்லை, தாழவில்லை. அவன் காதருகே அந்தக் காற்று மட்டும். வெளியே. உள்ளே.