கடல் தந்த ஏழு பீப்பாய்கள்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் ஏழே வீடுகள் கொண்ட ஒரு மீனவத் தெரு. 1912ஆம் ஆண்டு வைகாசியில் அங்கே மீனுக்குப் பஞ்சமில்லை, குடிதண்ணீருக்குத்தான் பஞ்சம். கோடையில் கடல் ஆற்றுக்குள் ஏறிவிடும். நல்ல தண்ணீர் வேண்டுமானால் பானைகளைப் படகில் ஏற்றிக்கொண்டு வெகுதூரம் மேலே போக வேண்டும். திரும்புவதற்குள் பாதிப் பானை உடையும், மீதி தளும்பிப் போகும்.

அந்த மாதம் தூத்துக்குடிக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. மூன்றாம் நாள் ஏழு மரப் பீப்பாய்கள் கரை ஒதுங்கின. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ குழம்பு ஒட்டியிருந்தது.

"வீட்டுக்கு ஒண்ணு! மாதாவே அனுப்பினதுல்லா!" என்று துள்ளினார் சாலோமியின் அப்பா மிக்கேல்.

பொறுமைக்கும் அவருக்கும் வெகுதூரம். மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி, அன்று மாலையே ஆற்றுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். மற்ற வீட்டார் மறுநாள் விடியற்காலையில் நிரப்பினார்கள்.

புதுப் பாத்திரத்துத் தண்ணீரில் முதல் வாய் வாயில்லா ஜீவனுக்கு என்பது மிக்கேல் வீட்டு வழக்கம். பத்து வயதுச் சாலோமி, அன்றிரவு தன் ஆட்டுக்குட்டிக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் வைத்தாள். பழைய பானையில் மிச்சம் இருந்ததால் வேறு யாரும் பீப்பாயைத் தொடவில்லை.

காலையில் குட்டி விறைத்துக் கிடந்தது.

"அப்பா, தண்ணியிலதான் என்னமோ இருக்கு!"

"போடி! கழுவிக் கழுவி என் கையே தேஞ்சுபோச்சு. குட்டி வெயில்ல கெடந்து செத்திருக்கும்."

"ராத்திரி ஏதுப்பா வெயிலு?"



பக்கத்து வீட்டுப் பாக்கியவதி, கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். சாலோமி குட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். சட்டியைத் தட்டிவிட்டாள். பீப்பாயின் அடியில் இருந்த தக்கையைப் பிடுங்கினாள்.

"ஏட்டி, என்ன செய்யுத? எம்புட்டுத் தூரம் போய் எடுத்த தண்ணி!"

பளாரென்று ஓர் அறை விழுந்தது. சாலோமி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள். பிறகு அதற்கு அடுத்த வீடு. ஆறு வீட்டுத் தண்ணீரும் மணலில் ஓடியது. தெருவே திரண்டு திட்டியது. அந்த வசவுகளை இங்கே எழுத முடியாது.

நண்பகலில் துறைமுகத்து ஆள் ஒருவர் தமுக்கடித்துக்கொண்டு வந்தார்.

"கப்பல் பீப்பாயத் தொடாதீங்க! உள்ள இருந்தது பூச்சியக் கொல்லுத விஷம்!"



சாலோமி குட்டியைப் புதைக்க மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். பாக்கியவதி குழந்தையை இடுப்பில் வைத்தபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அறைந்த கையாலேயே அவளும் மணலை அள்ளினாள்.

"குட்டிக்குப் பேரு என்ன மக்கா?"

"இன்னும் வைக்கல, அத்தே. ஞாயித்துக்கெழமை வைக்கலாம்னு இருந்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் சாலோமிக்கு அழுகை வெடித்தது. பாக்கியவதி அவளை இழுத்து அணைத்துக்கொண்டு தானும் அழுதாள். ஒன்றும் புரியாத குழந்தை மட்டும் சாலோமியின் சடையைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.