வலது மார்பில் இரண்டு துளைகள்

வேங்கிக்கால் புதுக் குடியிருப்பில் ஒரு வீட்டு மாடிப்படியின் அடியில் சகாதேவன் செத்துக் கிடந்தார். நீலக் கோட்டு, பளபளக்கும் ஷூ, இடது மார்பில் வரிசையாக ராணுவ மெடல்கள். பின்மண்டையிலிருந்து வழிந்த ரத்தம் உறைந்து போயிருந்தது. கோயிலுக்குப் போய்விட்டு எட்டு மணிக்குத் திரும்பிய அண்ணி ரேணுகாம்பாள்தான் முதலில் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் ஓவியா வந்தபோது தூறல் பிடித்திருந்தது. மேகம் இறங்கி மலை கண்ணுக்கே தெரியவில்லை. கோட்டும் மெடலுமாகக் கிடந்த பிணத்தைப் பார்த்தாள். எல்லையில் செத்த அவள் கணவனையும் இப்படி உடுத்தித்தான் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் குனிந்தாள்.

"கால் வழுக்கியிருக்கும் மேடம். படியெல்லாம் ஈரம்" என்றார் ஏட்டு அருள்ராஜ்.

ஓவியா கோட்டைத் தடவிப் பார்த்தாள். கோட்டின் வலது மார்பில் இரண்டு சின்னத் துளைகள். ஒன்று கீழ்நோக்கிக் கிழிந்திருந்தது.

"விழும்போது எங்கயாவது மாட்டியிருக்கும்."

"மாட்டினா ஒரு கிழிசல்தான் இருக்கும் ஏட்டையா."

உள்ளே ரேணுகாம்பாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் கணவன் தருமனின் படம். கார்கில் சண்டையில் செத்தவன். அடுத்த வருஷமே தம்பி சகாதேவனும் பட்டாளத்தில் சேர்ந்தார். ஓய்வு பெற்று வந்தபின் மாடியில் தனியாக இருந்தார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை.

"இன்னைக்கு எங்க கிளம்பினாரு?"

"கார்கில் நாளுன்னு மண்டபத்துல விழாம்மா. அண்ணி, நீங்க கட்டாயம் வரணும், மேடையில ஒரு விஷயம் சொல்லப்போறேன்னாரு. என்னன்னு கேட்டேன், சிரிச்சாரு."

"யார் கூடயாவது தகராறு?"

அவள் பார்வை மகன் பிரகாஷின் மேல் விழுந்து, சட்டென்று விலகியது. பிரகாஷின் முகம் கறுத்தது.

"நான்தான் மேடம். வீட்டை வித்துடலாம்னேன். சித்தப்பா முடியாதுன்னாரு. நேத்து ஜாஸ்தியா கத்திட்டேன்."

"காலையில எங்க இருந்தீங்க?"

"கீழ்பென்னாத்தூர்ல. வேன்ல மல்லாட்டை மூட்டை ஏத்திக்கிட்டிருந்தேன்."

ஓவியா ரேணுகாம்பாள் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டுக்காரர் மெடலெல்லாம் எங்கம்மா?"

"பொட்டியில இருக்கு. கார்கில் சண்டைக்குக் குடுத்த ஸ்டார் மெடல் மட்டும் இல்ல. ஊர்லேர்ந்து இங்க வீடு மாத்தும்போது தொலைஞ்சுடுச்சு. செழியன் அண்ணன்தான் முன்ன நின்னு சாமானெல்லாம் ஏத்தி வுட்டாரு, அவரும் தேடிப் பார்த்தாரு. எங்க எல்லா கஷ்டத்துலயும் கூட இருந்தவரு. எங்க வீட்டுக்காரரு போன சேதியைக்கூட அவருதான் பட்டான்கோட் மிலிட்டரி ஸ்டோர்லேர்ந்து போன் போட்டுச் சொன்னாரு."

அந்தச் செழியனே அப்போது உள்ளே வந்தார். முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர். விழாவுக்கென்று கோட்டு போட்டிருந்தார். மெடல்கள் ஒரே பட்டையில் தைத்திருந்தன. ஓரத்தில் ஒரு ஸ்டார் மட்டும் தனியாக ஊக்கில் தொங்கியது.

"என் தம்பி மாதிரி மேடம்" என்று கண்ணைத் துடைத்தார். "சங்கம் சார்பா மாலை போடணும். விழாவை நிறுத்த முடியல, ஆபீசருங்க வராங்க."

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"நேத்து சாயங்காலம், மண்டபத்துல."

அவர் போனபின் ஓவியா வாசலிலேயே நின்றாள். பிறகு ஜீப்பை மண்டபத்துக்கு விடச் சொன்னாள்.

கிரிவலப் பாதைக் கல்யாண மண்டபத்தில் செழியன் மாலையோடு மேடையில் இருந்தார். ஓவியா அவரை மாப்பிள்ளை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

"அந்த ஸ்டாரைக் கழட்டிக் குடுங்க."

"இது சண்டை போட்டு வாங்கினது மேடம்."

"கார்கில்ல மலைமேல சண்டை நடந்த பகுதியில இருந்தவங்களுக்குத்தான் விஜய் ஸ்டார். மத்த இடத்துல இருந்து உதவினவங்களுக்கு விஜய் மெடல். அந்த மெடல் உங்க பட்டையில இருக்கு. தருமன் செத்தப்ப நீங்க பட்டான்கோட் ஸ்டோர்ல இருந்தீங்க. அப்புறம் ஸ்டார் எப்படி வந்தது?"

செழியன் கையால் ஸ்டாரை மறைத்தார்.

"சகாதேவன் கோட்டுல வலது பக்கம் ரெண்டு துளை. தன்னோட மெடலை இடது பக்கம் குத்துவாங்க. செத்தவங்களோடதை வீட்டு ஆளுங்க வலது பக்கம் குத்துவாங்க. வருஷா வருஷம் நான் குத்திக்கிறேன், எனக்குத் தெரியும். சகாதேவன் அண்ணனோட ஸ்டாரை ஊக்குல குத்திக்கிட்டு விழாவுக்குக் கிளம்பினாரு. அந்த ஊக்கு இப்ப உங்க கோட்டுல இருக்கு. நேத்து வரைக்கும் ஸ்டாரைப் பட்டையிலதான் தைச்சிருந்தீங்க, அறுத்த நூல்கூட அப்படியே தொங்குது."

அவளே கையை நீட்டிக் கழற்றினாள். வளைந்த ஊக்கின் முனையில் நீல நூல் ஒட்டியிருந்தது. ஸ்டாரின் பின்பக்கம் பொறித்திருந்த பெயர் தருமன்.

செழியன் நாற்காலியில் சரிந்தார்.

"வீடு மாத்தும்போது நான்தான் எடுத்தேன். நேத்து கோட்டைக் கழட்டி மாட்டியிருந்தேன் மேடம். சகாதேவன் ஸ்டாரைத் திருப்பிப் பேரைப் பார்த்துட்டான், அறுத்து எடுத்துக்கிட்டான். காலையில போய்க் கெஞ்சினேன். மேடையில சொல்லாத, நானே அண்ணிகிட்ட குடுத்துடறேன்னேன். கேக்கல. ஸ்டாரைப் புடிச்சு இழுத்தேன், பின்னால சாஞ்சுட்டான். தள்ளல மேடம், சத்தியமா தள்ளல."

"விழுந்ததும் செத்துட்டாரா?"

"முனகிக்கிட்டிருந்தான்."

"ஆம்புலன்சைக் கூப்பிட்டிருந்தா?"

"பிழைச்சிருப்பான். பிழைச்சா சொல்லியிருப்பான்."

சாயங்காலம் மழை வலுத்தது. அரசு ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் ரேணுகாம்பாளிடம் ஓவியா எல்லாவற்றையும் சொன்னாள். பிளாஸ்டிக் உறையிலிருந்த ஸ்டாரைக் காட்டினாள்.

"இப்ப தர முடியாதும்மா. கேஸ் முடியணும்."

ரேணுகாம்பாள் உறைக்கு மேலாகவே அந்தப் பெயரைத் தடவினாள். அழவில்லை. சற்றுத் தள்ளி நின்ற மகனைப் பார்த்தாள்.

"நான் உன்னைத்தான் நெனச்சேன்டா."

"தெரியும்மா."

"அவருக்குப் புள்ளையில்லையே. கொள்ளி யாரு வெப்பா?"

பிரகாஷ் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான்.

"நான்தான்" என்று சொல்லிவிட்டு, உடலை வாங்கிக்கொள்ள உள்ளே போனான்.