திணறி

மேல ரத வீதியில் திணறி ஒன்று சாய்ந்ததும் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். முழங்கால் உயரமே உள்ள மூன்று சக்கர இயந்திரம் அது. தலையில் இருந்த கூடையிலிருந்து எலுமிச்சம்பழங்கள் தெருவெல்லாம் உருண்டன. "ஒரு கை குடுங்களேன்" என்று கெஞ்சியது. ஒருவர் தூக்கி நிறுத்த, மற்றவர்கள் பழம் பொறுக்கிப் போட்டார்கள். "மகராசனா இருங்க!" என்று வாழ்த்திவிட்டு அது நகர்ந்தது. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடி கலைந்தார்கள்.

அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் ஞானசுந்தரி எதிர்ச்சாரியில் நின்றிருந்தாள். திணறியை உருவாக்கியவள் அவள். அது பேசியதும் அவள் குரலில்தான்.

திணறி வருவதற்கு முன்பு ஊரில் யாருக்கும் யாரும் தேவைப்படவில்லை. ஆளுக்கொரு துணையன் இருந்தது. பின்னாலேயே வரும் அந்த நாலுகால் இயந்திரம் பை சுமக்கும், வழி சொல்லும், தடுக்கினால் விழுமுன்னே தாங்கிப் பிடிக்கும். சௌகரியத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் ஜனங்களின் முகம் வாடிக்கொண்டே போனது. மருத்துவர்கள் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் பலனில்லை.

ஞானசுந்தரிக்கு அப்போதெல்லாம் பழைய பேருந்துதான் நினைவுக்கு வரும். அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக் கல்லூரிக்குப் போன நாட்கள். இடம் கிடைத்தவர்கள் நிற்பவர்களின் பையைக் கேட்காமலே வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். பின்னால் நிற்பவரின் காசு கைமாறிக் கைமாறி நடத்துநரிடம் போய், சீட்டாகத் திரும்பி வரும். ஒருநாள் காய்ச்சலோடு ஏறியவள், பக்கத்தில் இருந்த அம்மாளின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். விழித்தபோது பாளையங்கோட்டை வந்திருந்தது. அந்த அம்மாள் இறங்க வேண்டியது சேரன்மகாதேவியில்.

"எழுப்பியிருக்கலாமே!" என்று ஞானசுந்தரி பதறினாள்.

"தூங்குத பிள்ளைய எப்டிம்மா எழுப்புறது?" என்றபடி அந்த அம்மாள் எதிர்ப்பக்கம் பேருந்து பிடிக்கப் போய்விட்டாள். போகும்போது அவள் முகத்தில் இருந்த நிறைவை ஞானசுந்தரியால் மறக்க முடியவில்லை. உதவி வாங்கியவளைவிடச் செய்தவளுக்கு அல்லவா அதிகம் கிடைத்திருக்கிறது!

அந்த எண்ணத்தில் பிறந்ததுதான் திணறி. நகர நல மையத்தின் தலைவர் அருமைநாயகம் முதலில் மறுத்தார்.

"கீழ விழுறதுக்குன்னு ஒரு மிஷினா? ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும் சார். அதுக்குத்தான் செய்யுதேன்."

ஊர் சிரித்தது. வீதிகளில் கலகலப்புத் திரும்பியது. காலையில் ஒரு திணறியைத் தூக்கிவிட்டவர் அன்று முழுக்க வீட்டிலும் இனிமையாகப் பேசினார். இந்த நற்செய்தி மற்ற ஊர்களுக்கும் பரவியது.

இன்று ஞானசுந்தரி துணையனை வீட்டிலேயே விட்டு வந்திருந்தாள். அது கூட வந்தால் கூட்டத்தை விலக்கி வழி பண்ணிவிடும். பழையபடி மனிதர்களோடு இடித்துக்கொண்டு நிற்க முடியாது.

தெருவைக் கடக்க இறங்கியபோது கால் பிசகியது. விழுந்தாள். எழ முயன்றால் கணுக்கால் உயிர் போகிறாற்போல் வலித்தது.

ஒரு பெண் குனிந்து பார்த்தாள். "பதறாதீங்க, உங்க துணையன் வந்துரும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

சற்று முன் திணறியைத் தூக்கி நிறுத்தியவர் அந்தப் பக்கம் வந்தார்.

"தம்பி, கொஞ்சம் தூக்கி விடுங்களேன்."

அவர் திகைத்தார். "நானா? இன்னைக்கு நான் செஞ்சாச்சேம்மா." குரலில் ஒரு கடுமையும் இல்லை. கைபேசியில் மீட்பு வண்டிக்குச் சொல்லிவிட்டு, அதே மலர்ந்த முகத்தோடு நடந்தார்.

ஞானசுந்தரிக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. துணையன் ஊரின் நன்மனதைப் பசியோடு விட்டு வைத்திருந்தது. அவளோ அந்தப் பசிக்குத் தினமும் வயிறு நிறையப் போட்டுவிட்டாள்.

அப்போது வேறொரு திணறி உருண்டு வந்து, வெறுங்கையோடு இருந்த ஒரு மனித உருவத்தைக் கண்டு, அவளருகே கவிழ்ந்தது.

"ஒரு கை குடுங்களேன்" என்றது, அவளுடைய குரலிலேயே.

கேட்க மட்டும்தான் அதற்குத் தெரியும். கொடுக்க அவள் கற்பிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, உட்கார்ந்த நிலையிலேயே அதை நிமிர்த்தி வைத்தாள். நெஞ்சுக்குள் இதமான ஒரு வெதுவெதுப்பு பரவியது. வலிகூடக் கொஞ்சம் அடங்கியது.

கல்லூரிப் பெண்கள் இருவர் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானசுந்தரி அவர்களை நோக்கிக் கையை நீட்டினாள்.

"பாத்தியாடி, விழுந்து கெடக்கும்போதுகூட உதவுதாங்க!" என்று ஒருத்தி உருகினாள். ஞானசுந்தரி வாழ்த்துவதற்காகத்தான் கையைத் தூக்குகிறாள் என்று எண்ணி, இருவரும் கையசைத்துவிட்டுப் போனார்கள்.

எத்தனை மலர்ச்சி அந்த முகங்களில்! ஞானசுந்தரி ஆசைப்பட்டுக் கொண்டுவந்த அதே மலர்ச்சி. நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல், அவர்கள் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டே கிடந்தாள்.